புகையும் மெருகும்

மலைகளின் இளவரசி எனப் போற்றப்படும் கொடைக்கானலை அடுத்து அமைந்த சிற்றூர் அட்டுவம்பட்டி. கல்வியுலகினர் அவ்வூரை அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தோடு இணைத்தே அறிவர். 1984ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அப்பல்கலைக்கழகத்தில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகப் பயின்ற நாள்களில், அவ்வூரின் மஞ்சும் குளிரும் நமக்கு உறவாயின. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் துவைத்த துணி உலர்வதற்கே நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தகைய ஊரில் ஈரமண்ணை வனைந்து, உலர்த்தி, சுட்டெடுக்கும் தொழில் நடைபெறும் என்று அந்நாளில் எவரேனும் சொல்லியிருந்தால் நாம் வியந்திருப்போம்.

பல்லாண்டுகள் கழித்து, ஆய்வரங்கம் ஒன்றின்பொருட்டு நம் மாணவியர் சிலரை அழைத்துக்கொண்டு மீண்டும் அங்கே சென்றபோது, மட்கலக் கலைஞர் ஒருவரின் கூடத்தைக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. விளம்பரம் விழையாத அக்கலைஞரின் பெயரை ஈண்டுச் சுட்டவில்லை. அவர்தம் பணிக்கூடத்தில் இரண்டு மரப்பலகை அடுக்குகள் இருந்தன. ஓர் அடுக்கில், கருமையும் சாம்பல்நிறமும் செம்மையும் மேகம்போல் கலந்து படர்ந்த புகைக்கலங்கள். மற்றோர் அடுக்கில், பச்சையும் நீலமும் தேன்நிறமுமாக ஒளிரும் மெருகுக்கலங்கள். மண்ணும் தீயும் இவ்விரு வகைக் கலங்களுக்கும் பொது. ஆயினும் இவை நடந்துவந்த வழிகள் வேறு. அவ்வழிகளைத் தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை.

புகையின் கையெழுத்து

புகைக்கலம் செய்யும் முறையைக் கலைஞர் மாணவியர்க்கு விளக்கினார். வனைந்த கலம் பாதி உலர்ந்து தோல்பதமாக இருக்கும்போது, வழுவழுப்பான கூழாங்கல்லால் அதன் மேனியைப் பொறுமையோடு தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க மண்ணின் நுண்துகள்கள் படிந்து அடங்கி, பூச்சு ஏதுமின்றியே பளபளப்பு உண்டாகும். முழுதும் உலர்ந்தபின் 900 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் ஒருமுறை சுடுவர். வெப்பம் 573 பாகையைக் கடக்கும்போது மண்ணில் உள்ள படிகக்கல் துகள்கள் திடுமென விரியும். ஆறும்போது அவ்வாறே சுருங்கும். அந்த இடத்தில் அவசரப்படுபவரின் கலம் விரிசல் காணும்.

இங்ஙனம் ஒருமுறை சுட்ட கலத்தை மரத்தூள், சருகு, உலர்ந்த சாணம் முதலியவற்றுக்கு நடுவே புதைத்துத் தீமூட்டி, மேலே மூடிவிடுவர். காற்றுக் குறைந்தமையால் தீ கொழுந்துவிட்டு எரிய இயலாது கனிந்து புகையும். அப்புகையில் மிதக்கும் கரி, கலத்தின் நுண்துளைகளில் புகுந்து குடியேறும். சருகு தொட்ட இடம் ஒரு நிறம். காற்றுக் கசிந்த இடம் மற்றொரு நிறம். வெப்பம் மிகுந்து காற்றும் புகுந்தால் படிந்த கரி எரிந்துபோய்க் கலம் மீண்டும் வெளிறிவிடும். ஆதலின் புகையை உள்ளே அடக்கிவைப்பதில்தான் திறம் எல்லாம் அடங்கியுள்ளது. ஒரு புகைக்கலத்தைப் போல் மற்றொன்று அமைவதில்லை. கலைஞர் வனைந்து வைக்கிறார். கையெழுத்து இடுவது புகை.

இதனைப் புதுமைக் கலையென்று எண்ணி வியந்த மாணவியர்க்கு நாம் ஒன்று நினைவூட்டினோம். தமிழகத்துத் தொல்லிடங்கள் பலவற்றில் கிடைக்கும் கருப்பு-சிவப்புப் பானைகள் இதே அறிவின் விளைவே. உட்புறமும் வாய்விளிம்பும் கருத்து, வெளிப்புறம் சிவந்து விளங்கும் அப்பானைகளை வாய் கவிழ்த்து அடுக்கிச் சுட்டனர் என்பது அறிஞர் பலரின் கருத்து. காற்றுப் படாத உட்புறம் கரியேறிக் கருத்தது. காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் மண்ணின் இரும்புச்சத்து சிவந்தது. ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டு யாகோர் என்னும் செருமானியரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீயும் அகழ்ந்து கண்ட தாழிக்காட்டில் இத்தகைய கலங்கள் மிகுதி.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. பழனிமலைத் தொடரிலேயே கற்திட்டைகள் பல உள. செண்பகனூரைச் சார்ந்த இயேசு சபைத் துறவியரான ஆங்கிலேட், நியூட்டன் ஆகிய இருவரும் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928ஆம் ஆண்டு வெளியிட்டது. மலையடிவாரத்தில், பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. இராசன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நிகழ்த்திய அகழாய்வில், ஈமக்குழி ஒன்றிலிருந்து நெல் நிறைந்த கலமும், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த மண் பிரிமனையும் வெளிப்பட்டன. அந்நெல்லின் காலம் ஏறத்தாழ கி.மு. 490 எனக் கணிக்கப்பெற்றது. பானையைத் தாங்கும் எளிய பிரிமனையே தமிழெழுத்தின் தொன்மைக்குச் சான்றாகி நிற்பது எண்ணி மகிழத்தக்கது. எழுதப்பட்டதால் அன்றோ அம்மண் இன்று பேசுகின்றது!

மெருகு வந்த வழி

இனி, மற்றோர் அடுக்கின் கதைக்கு வருவோம். கலைக்கூடத்தார் கிளேஸ் என வழங்குவதை நாம் கண்ணாடி மெருகு எனலாம். படிகக்கல், களிமண், அவற்றை உருகச்செய்யும் சுண்ணாம்பு, சாம்பல், பெல்சுபார் முதலியவற்றை மிக நுண்ணிய பொடியாக்கி, நீரில் கரைத்து, ஒருமுறை சுட்ட கலத்தை அதில் தோய்த்தெடுப்பர். பின்னர் 1,200 பாகைக்கும் மேலான வெப்பத்தில் சுடும்போது அப்பூச்சு உருகிக் கண்ணாடியாகிக் கலத்தோடு ஒன்றிவிடும். இரும்பு தேன்நிறமும் பழுப்பும் தரும். காற்றுக் குறைந்த சூளையில் அதே இரும்பு இளம்பச்சையும் தரும். செம்பு பச்சையாகும், கோபால்ட்டு நீலமாகும். நம் ஊர்ச் செம்மண் பானையை அவ்வெப்பத்தில் வைத்தால் அது குழைந்து உட்கார்ந்துவிடும். ஆதலின் அதற்கென உயர்வெப்பம் தாங்கும் மண் வேண்டும். மலையின் மெலிந்த காற்று மற்றொரு தடை. கடற்கரையோடு ஒப்பிட்டால் அட்டுவம்பட்டியில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தீக்குக் கிடைக்கும் உயிர்வளியும் அந்த அளவிற்குக் குறையும். கடற்கரையில் கற்ற சூளைக்கணக்கை மலைக்கேற்ப மாற்றியமைக்க வேண்டியிருந்தது என்றார் கலைஞர்.

தமிழ் பயிற்றுவிப்போர்க்கு இங்கே ஒரு செய்தி உண்டு. பானை, சட்டி, குடம், தாழி, கலயம் என மெருகிடாத கலங்களுக்கெல்லாம் நம்மிடம் சொற்கள் உள. மெருகுக்கலத்தைக் குறிக்கும் பீங்கான் என்னும் சொல்லோ பாரசீகத்திலிருந்து வந்தது. கலம் கடல்வழி வந்தபோது பெயரும் உடன் வந்தது. சீனத்து வெண்ணிறப் பீங்கானைக் கண்டு வியந்த பாசுரா நகரத்துக் குயவர்கள், அத்தகைய மண் தம் நாட்டில் கிடையாமையால், ஒன்பதாம் நூற்றாண்டில் மெருகில் வெள்ளீயச் சாம்பலைக் கலந்து வெண்மையை உண்டாக்கினர். அவ்வெண்மைமேல் நீலத்தால் எழுதினர். வெள்ளியும் செம்பும் கொண்டு பொன்போல் மின்னும் மெருகையும் மட்கலத்தின்மேல் கண்டனர். அதே நூற்றாண்டில் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிய அரபுநாட்டுப் பாணிக் கப்பல் ஒன்று 1998ஆம் ஆண்டு கண்டறியப்பட்டபோது, அதனுள் ஏறத்தாழ 60,000 சீனக் கலங்கள் இருந்தன. அக்கடல்வழியில் நம் கரையும் ஒரு தங்கல். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தமையை நொபொரு கராசிமா முதலிய அறிஞர் ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

இவ்விரு கலங்களும் நம் இல்லத்திலேயே ஒருங்கு வாழ்ந்தன. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் விருந்தினர் சிலர் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் பெருந்தட்டிற்குச் சகன் என்று பெயர், அரபுச் சொல். உம்மம்மா என நாம் அழைத்த பாட்டியார், பூவேலைப்பாடு அமைந்த பீங்கான் சகனைத் துணிசுற்றி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். பெருநாளும் திருமணமும் வந்தால்தான் அது வெளிவரும். மீன் ஆணம் காய்ச்சும் மண்சட்டியோ நாள்தோறும் அடுப்பில் வெந்து, புகையேறிக் கருத்து, சமையற்கட்டை விட்டு வெளியே வாராது. ஆணத்தின் சுவை அச்சட்டியினால் வந்தது என்பதை வீட்டார் அனைவரும் அறிவர். எனினும் விருந்தினர் கண்ணில் படும் பெருமை பீங்கானுக்கே உரியதாயிற்று. மெருகிற்கு அவைமுன் இடம், புகைக்கு அடுப்பங்கரை என்னும் இந்தப் பாகுபாடு கலங்களோடு நின்றுவிடவில்லை. அவற்றை வனைந்த கைகள்மீதும் படிந்தது.

குறிப்பேடு உடைய குயவர்

அட்டுவம்பட்டிக் கூடத்தில் இரண்டு அடுக்குகளும் ஒரே மதிப்போடு ஒரே அறையில் இருந்தமைக்கு ஒரு வரலாறு உண்டு. இத்தகைய கலைக்கூடங்கள் பலவற்றின் வேர் புதுச்சேரியில் உள்ளது. ரே மீக்கர், டெபோரா சுமித்து என்னும் அமெரிக்கர் இருவர் 1971ஆம் ஆண்டு அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் கூடத்தை நிறுவினர். உள்ளூர்த் தொழிலாளர்க்கு அவர்கள் கற்பித்த கலை, புதுச்சேரியையே மெருகுக்கலங்களுக்குப் பெயர்பெற்ற நகரம் ஆக்கியது. நாடெங்கிலுமிருந்து மாணவர் வந்து பயின்று, தத்தம் ஊர்களில் சூளை அமைத்தனர்.

அதற்கும் முன்னோடி சர்தார் குர்சரண்சிங். சப்பானில் பயின்று திரும்பி, 1952ஆம் ஆண்டு தில்லி புளூ பாட்டரி என்னும் கூடத்தை நிறுவியவர் அவர். நீலமெருகின் நுட்பத்தை அவருக்குக் கற்பித்தவர் தில்லியில் வாழ்ந்த பட்டாணியக் குயவர் அப்துல்லா. சீக்கியர் ஒருவர் முசுலிம் குயவரிடம் கற்று, அதனைச் சப்பானியக் கலையறிவோடு இணைத்தார் என்பது மட்கலக் கலையின் பரந்த மனத்திற்கு நல்ல சான்று.

இக்கலைஞர்களிடம் நாம் கண்ட சிறப்பு ஒன்று உண்டு. அட்டுவம்பட்டிக் கலைஞர் கையில் எப்போதும் ஒரு தடித்த குறிப்பேடு இருந்தது. எந்நாள், எந்த மண், எவ்வளவு சாம்பல், எத்தனை மணிநேரம், வானிலை யாது, பழுதுற்றவை எத்தனை என ஒவ்வொரு சூளைக்கும் ஒரு பக்கம். மெருகை முதலில் சிறு வில்லைகளில் சுட்டுப் பார்த்து, வில்லைக்கு எண்ணிட்டு, அவ்வெண்ணையும் ஏட்டில் பதிந்திருந்தார். சூளை கெடுத்தாலும் ஏடு கற்பிக்கும் என்பது அவர் கூற்று.

ஒரு மாணவியின் சொல்

நம்முடன் வந்த மாணவியருள் ஒருவர், மலையடிவாரத்துச் சிற்றூரில் குயவர் குடும்பத்தில் பிறந்தவர். தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதலாக மிதித்தவர். சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழிலைக் 'கூலி' என்று எழுதியிருந்தார். வகுப்பில் மிகுதியும் பேசாதவர். அவர் புகைக்கலம் ஒன்றை எடுத்து, விரல்முட்டியால் தட்டி, செவியருகே வைத்துக் கேட்டார்.

"அம்மா, இது நன்றாக வெந்திருக்கிறது" என்றார் நம்மிடம்.

கலைஞர் வியந்து, எங்ஙனம் அறிந்தாய் என வினவினார். வேகாத பானையின் ஒலி மந்தம், விரிசல் கண்டதன் ஒலி கரகரப்பு, வெந்ததன் ஒலி மணி என்று மாணவி விளக்கினார். புகையேற்றும் முறை குறித்தும் அவருக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. "எங்கள் ஊர்ச் சூளையில் விறகும் எருவும் அடுக்கி, வைக்கோல் பரப்பி, சேற்றால் மெழுகிவிடுவோம். மூட்டம் திறந்தால் சிவப்பு, மூட்டம் போட்டால் கருப்பு என்று அப்பா சொல்வார்" என்றார். வேதியியல் நூல்கள் பக்கம்பக்கமாக விளக்கும் செய்தியை அவருடைய தந்தை ஒரே தொடரில் அடக்கியிருந்தார்.

பின்னர் அக்கலத்தின் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நோக்கினார். சற்றே அமைதி. "அம்மா, இந்த ஒன்றின் விலைக்கு எங்கள் அப்பா அரைச் சூளைப் பானை விற்க வேண்டும்" என்றார். அச்சொல்லில் சினம் இல்லை. கணக்கு மட்டுமே இருந்தது.

கலைஞர் அதனை மறுக்கவில்லை. தம் சூளையில் பழுதுறுவனவற்றையும் எரிபொருள் செலவையும் எடுத்துரைத்தார். பின்னர், "உன் அப்பாவுக்கு என்னைவிடச் சேதம் குறைவாக இருக்கும். அவர் எதையேனும் எழுதி வைத்திருக்கிறாரா?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு எழுதத் தெரியாது. தம்பியும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்" என்றார் மாணவி.

விலையின் வேறுபாடு நம்மால் தீர்க்கத்தக்கதன்று. கைவேலையின் அருமையும், வாங்குவோரின் செல்வமும், கலைஞரின் பெயரும் சேர்ந்தே விலை அமைகின்றது. ஆனால் அம்மாணவியின் இறுதிச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒரு குயவரின் அறிவு முழுவதும் அவர் கையோடும் செவியோடும் நின்று, அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழியின்றி அறுபடவிருக்கிறது. பானை உடைந்தால் ஓடேனும் மிஞ்சும். அகழ்வோர் எடுத்து ஆராய்வர். சொல்லாத அறிவு ஓடும் எஞ்சாது போய்விடும்.

மலையினின்று இறங்கும்போது புறநானூற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. அதன் 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவன் மறைந்தபோது, அத்துணைப் பெரியோனுக்கு ஏற்ற தாழியை உன்னால் வனைய இயலுமோ என்று குயவரை நோக்கிப் பாடுகின்றார். 256ஆம் பாடலில் துணையை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் இடம் அமையுமாறு தாழியை அகலமாக வனைந்து தருமாறு வேண்டுகின்றாள். இரு பாடல்களிலும் குயவர் 'கோ' என விளிக்கப்பெறுவதை வகுப்பில் கற்றிருந்த அம்மாணவி, "பாட்டில் கோ என்று அழைக்கிறார்கள் அம்மா, ஊரில் எங்களை யாரும் அப்படி அழைப்பதில்லை" என்றார். உடன்வந்த மாணவியர் எவரும் அடுத்த வளைவு வரும்வரை பேசவில்லை. இலக்கியத்தில் உயர்த்திய ஒருவரை வாழ்க்கையில் தாழ்த்தி வைத்திருப்போமாயின், நாம் கற்பிக்கும் இலக்கியம் எவருக்காக என்னும் வினா அன்று எழுந்தது.

எழுதிவைத்த குயவர் மகன்

அவ்வினாவிற்கு ஒரு வழி வரலாற்றிலேயே கிடைத்தது. ஈரான் நாட்டுக் காசான் நகரம் மெருகோடுகளுக்குப் பெயர்பெற்றது. அந்நாட்டில் மெருகோடுகளைக் காசி என வழங்குவதே அந்நகரின் பெயரால்தான். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பொன்மெருகுக் கலங்கள் செய்த அபூதாகிர் குடும்பத்தில் பிறந்தவர் அபுல்காசிம். மங்கோலிய மன்னரின் அவையில் வரலாறு எழுதும் பணியில் இருந்தவர். அவர் ஹிஜ்ரி 700ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1301ஐ ஒட்டி, மணிகளையும் நறுமணப் பொருள்களையும் பற்றி எழுதிய பாரசீக நூலின் ஈற்றில், தம் குடும்பத்துத் தொழிலைப் பற்றி ஓர் இயல் சேர்த்தார். எந்தக் கல், எந்த அளவு, எத்தகைய சூளை, எத்தனை நாள் எனத் தம் முன்னோர் கையால் அறிந்தவற்றையெல்லாம் எழுத்தில் வடித்தார். அக்காலத்துப் பொன்மெருகின் நுட்பத்தை அறிய விழையும் இன்றைய அறிஞர்க்கு அவ்வியலே கைவிளக்கு.

அபுல்காசிம் தம் முன்னோர் தொழிலை மறைக்கவில்லை. அரசவையில் அமர்ந்து எழுதிய நூலிலேயே அதற்கு இடம் தந்தார். குயவர் மகன் கற்றவனாகும்போது தொழில் அழிந்தே தீரவேண்டும் என்பதில்லை. கற்றவன் எழுதினால் அது நூலாகவும் வாழும்.

இச்செய்தியை அம்மாணவியிடம் கூறினோம். அடுத்த பருவத்தில் அவர் தம் ஆய்வேட்டிற்குத் தேர்ந்த பொருள் தம் தந்தையின் தொழிற்சொற்கள். தட்டுப்பலகை, தட்டுக்கல், பச்சைப்பானை, வேக்காடு, மூட்டம் எனச் சொல்லும் பொருளும் பயன்பாடுமாக ஒரு குறிப்பேடு நிறைந்தது. கருவிகளின் படங்களை அவரே வரைந்தார். ஏட்டின் முகப்பில் தந்தையின் பெயரை எழுதி, அதன்கீழ் 'வேட்கோ' என்று குறித்திருந்தார். எந்த மண்ணை எவ்வளவு மணலோடு கலப்பது என்பதை மட்டும் தந்தையார் கூற மறுத்துவிட்டாராம். அது கைக்குத்தான் தெரியும், வாய்க்குத் தெரியாது என்றாராம். அவ்விடத்தை மாணவி வெற்றிடமாகவே விட்டிருந்தார்.

மனிதன் படைக்கப்பெற்ற மண்ணைச் சுட்ட மட்கலத்தோடு ஒப்பிடுகின்றது திருக்குர்ஆனின் 55ஆம் அத்தியாயம். வஞ்சனையால் சேர்த்த பொருளைப் பச்சைமண் கலத்தில் வைத்த நீரோடு ஒப்பிடுகின்றது திருக்குறளின் 660ஆம் குறள். மறைநூலும் அறநூலும் உவமை தேடிச் சென்ற இடம் குயவரின் பணிக்களமே. அக்களத்தைக் காத்தல் கற்றோர் கடன்.

நம் துறையில் பயிலும் மாணவச் செல்வங்களுள் கைத்தொழிற் குடும்பங்களிலிருந்து வருவோர் பலர். பாய் முடைவோர், தறி நெய்வோர், தோல் பதனிடுவோர், படகு கட்டுவோர் ஆகியோரின் மக்கள் அவர்கள். இல்லத்தில் வழங்கும் தொழிற்சொற்களை ஓர் ஏட்டில் எழுதிக் கொணருமாறு அவர்கள் அனைவரையும் அன்போடு வேண்டுகின்றோம். ஒரு பக்கமாயினும் போதும். தந்தையிடமும் தாயிடமும் கேட்டு எழுதுங்கள். அவர்கள் கூற மறுக்கும் இடத்தை வெற்றிடமாகவே விட்டுக் கொணருங்கள். அவ்வேடுகளை வைப்பதற்கெனத் துறை நூலகத்தில் ஓர் அடுக்கு ஒதுக்கப்பெற்றுள்ளது. அதில் முதலாவதாக அமர்ந்திருப்பது, ஒரு வேட்கோவின் மகள் எழுதிய ஏடு.